கூடப் போகிறவள்

கூடையில் அவளுக்கென்று ஒரு ஜோடி தனியாக இருந்தது.

அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். கப்பல் அருங்காட்சியகத்துக்கும் அதே சட்டம்தான். கதவுக்கு உள்ளே ஒரு பெரிய பிரம்புக் கூடை, அதில் ஊர்ப் பெண்கள் பின்னிப்போட்ட கம்பளிச் செருப்புகள், ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை, முன்னால் போட்டவரின் கால் சூடு இன்னும் ஆறாதவை. ராக்னா வியாழக்கிழமைதோறும் அதற்குள் கையை விட்டு, அகப்பட்ட இரண்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். இன்று கூடையின் கைப்பிடியில் ஒரு ஜோடி தோல் காலணி தொங்கியது. மெல்லிய ஆட்டுத்தோல், பக்கத்தில் வார், மண்ணும் தாரும் கலந்த ஒரு வாடை. புதிது என்று சொல்வதா பழையது என்று சொல்வதா என்றே தெரியவில்லை.

"உனக்குத்தான்," என்றாள் ஹெர்டிஸ். டிக்கெட் கிழிப்பவள் அவள்தான், வாஃபிள் சுடுபவளும் அவள்தான், ஊரில் வயதானவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கால் நகம் வெட்டிவிடுபவளும் அவள்தான். "போட்டுப் பாரு. கடிக்காது."

"என் கால் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"அடி போடி! வாரா வாரம் ஈரக் காலோட நான் துடைச்ச தரையில நடக்குறே. தடத்தைப் பாத்தா தெரியாதா?"

ராக்னா போட்டுப் பார்த்தாள். கையுறை மாதிரி பொருந்தியது. சின்ன வயதில் படகுத்துறையில் நசுங்கி வளைந்துபோன அவளுடைய இடது சுண்டுவிரலுக்குக்கூட அங்கே இடம் விட்டுத் தைத்திருந்தார்கள். ஈரத் தடத்தில் சுண்டுவிரலின் வளைவுமா தெரியும்? எங்கேயோ இடித்தது. ஆனால் ஹெர்டிஸ் சிரித்துக்கொண்டே நின்றாள், நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? நன்றி சொன்னாள்.

"என்ன அங்க வாசல்லயே குடித்தனம்? தள்ளு," என்றது அவள் தள்ளிவந்த சக்கர நாற்காலியிலிருந்து கிழவி போர்கில்டின் குரல். "கப்பல் காத்துட்டிருக்கு."

"ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்கிற கப்பல், போர்கில்ட். இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கும்."

கிழவி பதில் சொல்லவில்லை. அதுவும் வழக்கமில்லை. போர்கில்டுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் மூச்சு முட்டும். காலையிலிருந்தே அவள் சரியில்லை. ராக்னா கிழவியின் வீட்டுக்கு வேலைக்குப் போனபோது ஹெர்டிஸ் அங்கே முன்பே வந்திருந்தாள். கிழவிக்கு நீலக் கம்பளி உடை போட்டு, கழுத்துக்கும் வாய்க்கும் சேர்த்துச் சால்வை சுற்றி உட்காரவைத்திருந்தாள். கோட்டை மாட்டும்போது வலது கை மடங்கவே இல்லை. கட்டைபோல் நின்றது. "குளிர்ல மூட்டு பிடிச்சுக்கிச்சு, விடு," என்று ஹெர்டிஸ்தான் சொன்னாள். கோட்டைத் தோளில் போர்த்தி விட்டுவிட்டார்கள்.

ராக்னா இந்த ஊருக்கு வந்தது இலையுதிர்காலத்தில். விவாகரத்து முடிந்த கையோடு, யாரையும் தெரியாத இடமாக இருந்தால் போதும் என்று, நகராட்சியின் வீட்டு உதவியாள் வேலைக்கு எழுதிப்போட்டுக் கிடைத்தது. கடல் நிலத்துக்குள் புகுந்த ஒரு வளைகுடாவின் கரையில் சின்ன ஊர், ஒரு கடை, ஒரு தேவாலயம், வயலுக்கு நடுவே மண்மேடு, அதன் பக்கத்தில் கப்பலுக்காகக் கட்டிய இந்தக் கூடம். அவளுக்கு ஒதுக்கிய முதியவர்களில் போர்கில்டும் ஒருத்தி. வாயைத் திறந்தால் எரிந்து விழுவாள், ஆனால் கப்பலைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் குழந்தைபோலக் கெஞ்சுவாள்.

எங்கள் நாட்டு ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊர் கூடிச் செய்கிற வேலைக்கு ஆள் கேட்டால் உடனே ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். தூக்காமலும் இருக்க மாட்டார்கள். தலைவர் கேட்பார், எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள், அமைதி நீளும், இன்னும் நீளும், கடைசியில் அதைப் பொறுக்க முடியாத ஒரு ஆத்மா கையைத் தூக்கிவிடும். பள்ளிக்கூட வேலியும் தேவாலயக் கூரையும் நாடு முழுக்க இப்படித்தான் வர்ணம் காண்கின்றன. தூக்கிய கையை இறக்குவதா? அந்த வெட்கத்துக்கு ஊரை விட்டே ஓடிவிடலாம்.

கப்பல் நண்பர்கள் சங்கக் கூட்டத்தில் அப்படித்தான் நடந்தது. புது ஊரில் நாலு பேர் பழகட்டுமே என்று ராக்னா போயிருந்தாள். தலைவர் ஒட்வார், அருங்காட்சியகத்துக் காவலாளும் வழிகாட்டியும் அவர்தான், பெரிய உடம்பு, பனிபோல வெளுத்த தாடி. அந்த அக்டோபரில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத படகில் அவருடைய மகனும் இருந்தான். அதனால் அவர் பேசும்போது யாரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"போர்கில்டுக்கு நாள் நெருங்குது. கப்பலுக்கு அவங்க கூட யாரு போறது? கடைசி வரைக்கும் கூட இருக்கணும். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம், தானா வரணும்."

கோப்பைகள். அமைதி. சுவரில் அறையைச் சூடாக்கும் வெப்பக் கருவியின் டிக் டிக். எதிரே ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு வயிற்றைக் கையால் மூடியிருந்தாள். ராக்னாவுக்கு அக்குளில் வேர்த்தது. தள்ளிக்கொண்டு போகிற நாற்காலிக்கு இவ்வளவு யோசனையா, தலை போகிற காரியமா என்ன?

"நான் போறேன்," என்று கையைத் தூக்கிவிட்டாள்.

அப்போது அந்த அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த ஓசையை அவள் மறக்கவில்லை. எதிரே இருந்த பெண் அழுதேவிட்டாள். ஒட்வார் எழுந்து நின்று, "அவ சொன்னதை எல்லாரும் கேட்டீங்களா?" என்றார். "கேட்டோம்," என்றார்கள், தேவாலயத்தில் சொல்வதுபோல, ஒரே குரலில்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது உபசாரம். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிற ஜனங்கள், அவள் வாசலில் விறகு அடுக்கிவிட்டுப் போனார்கள். அவள் எழுவதற்கு முன்பே பனியைத் தள்ளி வழி செய்திருந்தார்கள். உப்புக்கண்டம் போட்ட ஆட்டு விலா, சதுப்பில் பொறுக்கிய முல்தெப் பழத்தின் ஜாம், வெண்ணெய் மினுங்கும் ரொட்டி என்று தினமும் ஏதாவது ஒன்று கதவில் தொங்கியது. கடையில் அவளுக்கு வரிசையில் வழி விட்டார்கள். யாரும் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

பெர்கனில் இருந்த அக்கா மெரெத்தெயிடம் போனில் சொன்னாள். அம்மாவின் சாவுக்குப் பிறகு இரண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்து, இந்த வருஷம்தான் அக்கா, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு, போதும் இந்த வீம்பு என்று அழுதிருந்தாள். சனிக்கிழமை ரயில். ராக்னா அந்த ஒரு பயணத்தை மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நல்லது செஞ்சாலும் சந்தேகம், கெட்டது செஞ்சாலும் சந்தேகம்," என்று சிரித்தாள் மெரெத்தெ. "ஆட்டுக் கறி குடுத்தா வாங்கித் தின்னுடி. எனக்கும் கொஞ்சம் கொண்டு வா."

"கறி குடுக்குறது சரி. என் போர்வையைக் காணோம்கா. தலையணை உறையும். கொடியில காயப்போட்டிருந்தேன்."

"காத்துல போயிருக்கும்."

இருக்கலாம். காற்று அடித்ததாகத்தான் அவளுக்கு நினைவில்லை.

இப்போது அவள் நாற்காலியைக் கூடத்துக்குள் தள்ளினாள். கப்பல் எப்போதும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும்: தார், பழைய ஓக், அதற்கு அடியில் படிகாரத்தின் துவர்ப்பு. நூறு வருஷத்துக்கு முன்னால் மண்மேட்டைத் தோண்டி எடுத்தபோது மரம் சுருங்காமல் இருக்கப் படிகாரத்தில் வேகவைத்தார்களாம். இப்போது அந்தப் படிகாரமே மரத்தை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் கறுத்துப் பளபளவென்று, முன்முனை சுருண்டு மேலே எழும்பி, இப்போதே தண்ணீரில் இறக்கலாம் போல நிற்கும். தட்டினால் பொடி. அந்தப் பெரிய கறுத்த வயிற்றுக்கு முன்னால் வந்து நின்றால் ராக்னாவுக்கு எப்போதும் பேச்சு தணிந்துவிடும், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல.

முன்முனையிலிருந்து ஒரு கயிறு இறங்கி, தரையில் கிடந்த ஒரு பெரிய பாறையைச் சுற்றியிருந்தது. செத்தவர்களை உள்ளே வைத்து மண்மேட்டில் புதைத்த கப்பலை இப்படிக் கட்டித்தான் வைத்திருந்தார்களாம். மண்ணுக்குள் இருக்கிற கப்பல் எங்கே ஓடிவிடும் என்று முதல் வாரமே கேட்டாள் ராக்னா. ஒட்வார் சிரிக்கவில்லை. "ஆள் சேர்ற வரைக்கும் நிக்கணும்ல," என்றார்.

கயிறு எப்போதும் தரையில் தொய்ந்து கிடக்கும். இன்று தரையைத் தொடவில்லை.

ராக்னா குனிந்து பார்த்தாள். ஒரு விரல் உயரம். கயிறு உலர்ந்து சுருங்கியிருக்கும். இல்லையென்றால் ஒட்வார் சுத்தம் செய்யும்போது இழுத்துக் கட்டியிருப்பார். யாராவது செய்திருப்பார்கள். யாராவது செய்திருக்க வேண்டும்.

"என் தாத்தாதான் அவங்களை எடுத்தாரு," என்றது போர்கில்டின் குரல். பின்னால் நின்று தள்ளுகிறவளுக்கு முகம் தெரியாது. வெள்ளைக் கொண்டையும் சால்வையும்தான் தெரிந்தன. "ரெண்டு பேரு. ஒரு கிழவி, ஒரு சின்னவ. எலும்பைப் பெட்டியில போட்டு ரயில்ல அனுப்பிட்டாங்க, படிக்கிறதுக்கு. கப்பலைக் காலியா நிறுத்தினாங்க. காலியா நிக்கிற கப்பல் சும்மா இருக்குமா? தானே ஆள் தேடும். படகுல போறவனை எல்லாம் தேடும்."

"அந்தச் சின்னவ எப்படிச் செத்தா?"

"கிழவி வியாதியில போனா. சின்னவளுக்கு ஒரு வியாதியும் இல்ல." குரலில் பெருமைபோல ஏதோ இருந்தது. "அவ தானா கை தூக்கினா."

ராக்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. வியாழக்கிழமைதோறும் கடந்து போகிற பெட்டிதான்: மண்மேட்டில் கிடைத்த சீப்பு, வாளி, கத்தரிக்கோல், இரண்டு ஜோடி காலணி. பெரிய ஜோடி வீங்கிய பாதத்துக்கு ஏற்றாற்போல அகலம். சின்ன ஜோடி இருந்த இடத்தில் இன்று அதன் தடம் மட்டும் இருந்தது, வெல்வெட் துணியில் வெளுக்காத இரண்டு பாதம். இடது பாதத்தின் ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம், ஒரு புடைப்பு.

அவள் தன் காலைப் பார்க்கவில்லை.

"காபி ஆறுது!" என்று கூப்பிட்டாள் ஹெர்டிஸ்.

நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போன காபி அறையில் காபி இல்லை. மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஏலக்காய், கிராம்பு, அதோடு சேராத ஒரு கசப்பு மணம். மேஜைக்குக் கீழே ஒரு வாளி வெந்நீர். ராக்னா உட்கார்ந்ததும் ஹெர்டிஸ் மண்டியிட்டு, அவளுடைய காலணியைக் கழற்றி, பாதத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டாள். கேட்கவே இல்லை.

"என்னது இது? விடு, ஹெர்டிஸ். போர்கில்டுக்குக் கழுவு."

"அவங்களுக்குக் காலைலயே ஆச்சு. உன் காலு பனியா இருக்கு. பேசாம இரு." விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், ஏதோ முனகலாகப் பாடிக்கொண்டு. பிடி இறுக்கமாக இருந்தது. ஒரு கையால் ஒயின் கோப்பையை ராக்னாவின் பக்கம் நகர்த்தினாள். "குடி. கொஞ்சம் குடிச்சா சுகமா இருக்கும்."

"அடுத்த வாரத்துலேர்ந்து வேற யாரையாவது பாருங்க," என்றாள் ராக்னா. தன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "சனிக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

ஹெர்டிஸ் நிமிரவில்லை. "அதுக்குள்ள முடிஞ்சிடும், தங்கம்."

"எது முடிஞ்சிடும்?"

ஹெர்டிஸ் பாதங்களை வாளியிலிருந்து எடுத்தாள். துண்டால் ஒற்றி, காலணியைத் திரும்ப மாட்டி, வாரை இழுத்து முடிந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ராக்னா கோப்பையை ஜன்னலோரத்துக் கிறிஸ்துமஸ் செடியின் தொட்டியில் கவிழ்த்தாள். நான் ஒன்றும் ஏமாந்தவள் இல்லை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்காரன் வேறு ஒருத்தியோடு வாழ்ந்ததைச் சட்டையின் சோப்பு வாசனையை வைத்தே கண்டுபிடித்தவள் அவள். சந்தேகம் அவளை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே ஏற்கனவே இருட்டிவிட்டிருந்தது. டிசம்பரில் எங்களுக்கு மத்தியானக் காபி ஆறுவதற்குள் இரவு வந்துவிடும். அருங்காட்சியகம் மூடுகிற நேரம். ஆனால் கதவு திறந்து மூடியது. திரும்பவும் திறந்து மூடியது. பனியைத் தட்டி உதறுகிற சத்தம், கோட்டு கழற்றுகிற சரசரப்பு, கம்பளிக் காலுறைகள் தரையில் மெத்து மெத்தென்று நடக்கிற ஓசை. பேச்சுக் குரல் ஒன்றுகூட இல்லை. கதவு இடுக்கால் பார்த்தாள். கடைக்காரி. தேவாலயத்து ஆர்கன்காரர். கூட்டத்தில் அழுத பெண், இப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. சங்கத்தில் இருந்த எல்லோரும். கையில் ஆளுக்கொரு கோப்பை.

கிளம்பிவிடலாம். கிழவியைக் கூட்டிக்கொண்டு இப்போதே.

அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தாள். "போர்கில்ட், வீட்டுக்குப் போகலாம்." சால்வையை மூக்கிலிருந்து இறக்கினாள். மடியில் இருந்த கையைப் பிடித்தாள்.

அவள் பார்க்கிற வேலை அது. சாவு எப்போது வந்தது என்பது தொட்டாலே அவளுக்குத் தெரியும். இந்தக் கை இப்போது குளிர்ந்தது இல்லை. இந்தத் தாடை இப்போது இறுகியது இல்லை. நேற்று ராத்திரி. விடிவதற்கு வெகுநேரம் முன்பு.

அப்படியென்றால் இன்று பேசியது யார்?

வாசலில்? கப்பலடியில்?

யார்?

அலறினாளா என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள். நடையில் யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஒதுங்கி வழி விட்டார்கள், கடையில் விடுவது போலவே. வாசலில் பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன, ஊர் முழுவதன் பூட்ஸ், ஈரம் சொட்டச் சொட்ட. அவளுடையது மட்டும் இல்லை. எதையோ ஒன்றை எடுத்துக் காலைத் திணித்தாள். நுழையவில்லை. இன்னொன்று. அதுவும் நுழையவில்லை. தோல் காலணியைக் கழற்றலாம் என்றால் வாரின் முடிச்சு அவிழவில்லை, நகம் உடைந்தது, முடிச்சு அசையவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. அகலத் திறந்திருந்தது.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. மெல்லிய தோலுக்குள் பனி உடனே நீராக ஏறியது. பேருந்து நிறுத்தம் வரை ஓடி, போனை எடுத்தாள்.

"அக்கா, நான் வர்றேன். இன்னைக்கே வர்றேன். எப்படியாவது வந்துடுறேன்."

"என்னடி ஆச்சு? அழறியா? ராக்னா, யாரு என்ன பண்ணாங்க?"

அவ்வளவுதான். குளிரில் போன் செத்துவிட்டது.

யாரும் துரத்தி வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அருங்காட்சியகத்தின் திறந்த கதவும், பனியில் அது விரித்திருந்த மஞ்சள் வெளிச்சமும்தான். பேருந்து வந்தது. ஓட்டுநருக்கு அவளைத் தெரிந்தது. வண்டியின் வேகத்தைக் குறைக்காமல், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கடந்துபோனார், பிணவண்டியைக் கண்டால் எங்கள் ஆண்கள் செய்வதுபோல.

முதல் வீட்டின் கதவைத் தட்டினாள். இருட்டு. அடுத்தது. இருட்டு. ஜன்னல்களில் கிறிஸ்துமஸ் விளக்குகூட இல்லை. எல்லா வாசலிலிருந்தும் பூட்ஸ் தடங்கள் இறங்கி, தெருவில் ஒன்றாகி, ஒரே பக்கம் போயிருந்தன. அவள் கத்தினாள். நாய்கூடக் குரைக்கவில்லை. தன் வீட்டுக்கு நடக்கலாம் என்றால் அது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். கால் விரல்கள் முதலில் எரிந்தன. அப்புறம் வலித்தன. அப்புறம் அவை இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. குளிர் எப்படிக் கொல்லும் என்று எங்கள் நாட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்: முதலில் தூக்கம் வரும்.

தூக்கம் வந்தது.

சூடு இருந்த இடம் ஒன்றுதான்.

உள்ளே போய் என் பூட்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், என்று நினைத்துக்கொண்டாள். மனுஷர்கள்தானே. கேட்டால் கொடுப்பார்கள். கட்டாயப்படுத்த மாட்டோம் என்றுதானே சொன்னார்கள். மெரெத்தெ காத்திருப்பாள்.

தானாகத்தான் நடந்தாள். தானாகவே வாசலைக் கடந்தாள்.

எல்லோரும் கூடத்தில் கப்பலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கோப்பை. ஒருவரும் தலை நிமிரவில்லை. சக்கர நாற்காலி காலியாக இருந்தது.

"என் பூட்ஸ்," என்றாள் ராக்னா.

ஒட்வார் மேலே கை காட்டினார். கப்பலின் உட்புறத்தைப் பார்க்கச் சுவரோரம் ஒரு மேல்மாடம் இருந்தது. அவர் கண் சிவந்திருந்தது. "ஏறிப் பாரும்மா," என்றார். "அங்கதான் இருக்கு."

படிகள். கைப்பிடி. கால்களில் உணர்வில்லை, ஆனால் காலணிகள் படியைத் தெரிந்து வைத்திருந்தன. மேலே போய்க் குனிந்து பார்த்தாள்.

கப்பலின் நடுவே, வெறும் பலகையாகத்தான் அவள் எப்போதும் பார்த்திருந்த இடத்தில், படுக்கை விரித்திருந்தார்கள். அவளுடைய தலையணை உறை. அவளுடைய போர்வை. படுக்கைக்குப் பக்கத்தில் அவளுடைய பூட்ஸ், ஒரு ஜோடியாக, ஒழுங்காக, நீண்ட நாள் தங்க வந்த வீட்டின் வாசலில் விடுவதுபோல.

போர்வைக்கு அடியில் போர்கில்ட் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

கயிறு முறுகியது. மரம் எங்கோ ஆழத்தில் ஒருமுறை முனகியது, தண்ணீர் தொட்டால் முனகுவதுபோல.

"என்ன தெரியுது, ராக்னா?" கீழிருந்து ஒட்வார்.

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போர்கில்ட் கூட யாரு போறது?"

கோப்பைகள். குனிந்த தலைகள். வெப்பக் கருவியின் டிக் டிக். வயிற்றைக் கையால் மூடிய பெண். ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அமைதி. நீண்டது. இன்னும் நீண்டது. சொல்லாதே, என்றாள் தனக்குள். சனிக்கிழமை. ரயில். அக்கா. சொல்லாதே. யாராவது சொல்லுங்கள். வேறு யாராவது. அக்குளில் வேர்த்தது. காது அடைத்தது.

பக்கத்தில் ஒரு கை மெதுவாக மேலே எழும்பியதை ராக்னா பார்த்தாள். யார் கை என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

கீழே எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

கப்பலில், காலையில் மடங்காத அந்தக் கை மடங்கியது. போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தது. கிழவி கொஞ்சம் ஒதுங்கிப் படுத்து, பக்கத்தில் இடம் விட்டாள்.